தமிழ் தெரியாத கெய்ரோவில் ஜெயிச்ச கட்டபொம்மன்!

1960-ம் வருஷம். எகிப்தின் கெய்ரோ நகரில் ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழா. அந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் சிறந்த நடிகர் விருது நம்ம சிவாஜி கணேசனுக்கு. படம், 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. இசைக்கான விருதும் அதே படத்துக்காக ஜி.ராமநாதனுக்குக் கிடைச்சது. நெல்லைச் சீமையில நடந்த ஒரு சண்டைக்கதை, கடல் தாண்டி எப்படி எடுபட்டுச்சு?

பதில் சிவாஜியோட சின்ன வயசுலேயே இருக்கு. 1928 அக்டோபர் 1-ல் விழுப்புரத்தில் பிறந்தார் கணேசன். அப்போ அவர் அப்பா சின்னையா மன்றாயர், வெள்ளைக்கார அரசை எதிர்த்ததற்காகச் சிறையில் இருந்தார். பிறகு திருச்சியில் வளர்ந்த அந்தச் சிறுவன், ஒருநாள் தெருக்கூத்தில் கட்டபொம்மன் கதையைப் பார்த்தான். அவ்வளவுதான், நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்துட்டான். பெண் வேஷம்கூடக் கட்டினான்.

அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய வீரர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்து, பெரியார் கொடுத்த பெயர்தான் 'சிவாஜி'. 1952-ல் 'பராசக்தி' வந்தது. அதே வருஷக் கடைசியில் வந்த 'பணம்' படத்தை இயக்கியவர், நம்ம நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

ஆனாலும் அந்தத் தெருக்கூத்து மனசைவிட்டுப் போகல. 1957-ல் சக்தி கிருஷ்ணசாமி எழுத, கட்டபொம்மனை மேடை நாடகமாக்கினார். 1959-ல் பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் அது கலர் படமானது. போர்க்காட்சிகளை ராஜஸ்தானில் எடுத்தாங்க.

இப்போ எகிப்துக்கு வருவோம். 1956 ஜூன்லதான் கடைசி பிரிட்டிஷ் படை அங்கிருந்து கிளம்புச்சு. சில மாசத்துலேயே, சூயஸ் கால்வாய்க்காக அதே பிரிட்டன் திரும்பி வந்து குண்டு போட்டுச்சு. அந்தக் காயம் ஆறாத ஊர்ல, வரி கட்ட மாட்டேன்னு ஒரு ராஜா வெள்ளைக்கார அதிகாரி முன்னாடி மீசையை முறுக்கி நின்றால் என்ன ஆகும்? வசனம் புரியணும்னு அவசியமே இல்லை. அந்த முகத்தில் இருந்த கோபம் அவங்க வீட்டுக் கோபம்.

குதிரையும் பீரங்கியும் எந்த நாட்டுப் படத்திலும் இருக்கும். வெளிநாட்டு ரசிகர் தேடுறது அதை இல்லை. கட்டபொம்மன் ஜெயிக்கலையே... 1799-ல் கயத்தாறில் தூக்கில் போட்டாங்க. தோற்கப்போறோம்னு தெரிஞ்சும் தலை குனியாத ஒருத்தரைத் திரையில் பார்க்கும்போது, அவங்கவங்க ஊரில் செத்துப்போன ஒருத்தர் ஞாபகத்துக்கு வர்றார். போர்ப்படம் எல்லை தாண்டுறது அந்த இடத்துலதான்.

அந்த வருஷமே எகிப்து அதிபர் நாசர் இந்தியா வந்தபோது, பிரதமர் நேருவிடம் அனுமதி வாங்கி, சென்னையில் அவருக்கு வரவேற்பு கொடுத்தார் சிவாஜி. ஆனா, சிறந்த நடிகருக்கான நம்ம நாட்டுத் தேசிய விருது, 2001 ஜூலை 21-ல் அவர் மறையும் வரை கிடைக்கவே இல்லை.

அதுக்காக அவர் கட்டபொம்மனை விட்டுடல. கயத்தாறில் சொந்தக் காசில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். நாகர்கோவிலிலிருந்து மதுரை போற வழிதான் மக்களே. அடுத்த தடவை போனா, ஒரு எட்டு இறங்கிப் பாருங்க. செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்!