வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்

நம் சங்கத்து இதழில் நம் மரபிற் பிறந்த பெரியோர் சரிதங்களையே பெரும்பாலும் எழுதி வருகின்றோம். இம்மாதம் வேறொரு மரபிற் பிறந்து, சோழநாட்டில் வளர்ந்து, சென்னையிற் புகழெய்திய ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தோம். காரணம் உண்டு. காஞ்சியில் வாழும் நம் குடும்பங்கள் தறியையும் பட்டு வாணிகத்தையும் நம்பியவை. பட்டு நூலும் ஜரிகையும் கடனாக வரும்; நெய்த சேலைக்குப் பணம் பின்னரே வரும். ஆகவே நம் வாழ்வு முழுதும் பிறர்பால் வைத்த நம்பிக்கையின்மேல் நிற்கின்றது. அந்நம்பிக்கை சிதைந்தவிடத்து ஒரு வக்கீல் யாது செய்தல் கூடும் என்பதற்குக் கிருஷ்ணசாமி ஐயர் வாழ்க்கை சான்றாகும்.

இவர் 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரிற் பிறந்தார். தந்தையார் வெங்கடராம ஐயர் ஜில்லா முன்சீப்பாக இருந்தவர். கும்பகோணத்திலும் சென்னை மாகாணக் கல்லூரியிலும் பயின்று, சட்டப் பரீக்ஷையில் தேறி, 1885-இல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலத்து அந்நீதிமன்றத்திற் பாரிஸ்டர்களாகிய ஆங்கிலேயரின் செல்வாக்கு மிகுதி. ஆயினும் பாஷ்யம் ஐயங்கார், மணி ஐயர் எனப்பட்ட சுப்பிரமணிய ஐயர் முதலியோர் நம் நாட்டு வக்கீல்களின் பெருமையை நிலைநாட்டி வந்தனர். அவ்வரிசையில் கிருஷ்ணசாமி ஐயரும் சேர்ந்தார். தீர்ப்புக்களைத் தொகுத்து வெளியிடும் மதராஸ் லா ஜர்னல் என்னும் சட்டப் பத்திரிகை 1891-இல் தொடங்கியபோது அதனைத் தோற்றுவித்தவருள் இவரும் ஒருவர்.

இவர் பெயரைச் சாமானியரும் அறியச் செய்தது 1906-ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியே. சென்னையில் அந்நாளிற் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என மூன்று ஆங்கில வியாபார நிறுவனங்கள் தலைசிறந்து விளங்கின. அவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனியே மிக உறுதியானதென்று யாவரும் எண்ணினர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோரும், கைம்பெண்டிரும், சிறு வியாபாரிகளும் தம் சேமிப்பை அங்கே வைத்தனர். கணக்கைப் பார்த்து வைத்தவர் அரியர். பெயரைப் பார்த்து வைத்தவரே பலர். அக்கம்பெனியோடு இணைந்த லண்டன் கிளையில் அயல்நாட்டு முயற்சிகளிற் பெரும்பணம் அழிந்துகொண்டிருந்தது. லண்டன் கூட்டாளியாகிய மக்பாடியன் அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ரயிலின்முன் வீழ்ந்து உயிர் துறந்தார். இரண்டு நாட்கள் கழித்து, 22-ஆம் நாள், சென்னை ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது.

அதன்பின் நகரெங்கும் எழுந்த அவலத்தை நம்மால் ஊகித்தல் அரிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு குடும்பத்தார் மகளின் மணத்துக்கெனச் சேர்த்த பொருள் அனைத்தையும், மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திற் கொடுத்து இழந்தனர். அவர்கள்பொருட்டு மனு எழுதிக் கொடுத்தவர் நாமே. மூன்று முறை எழுதினோம். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் நமக்கு அம்மனுவின் ஒவ்வொரு சொல்லும் பயனற்றதாகத் தோன்றியது. கையில் ரசீது இருந்தது, பணம் இல்லை.

ஆர்பத்நாட்டில் இழந்தோருக்குக் கிருஷ்ணசாமி ஐயர் வாய்த்தார். பணம் கொடுத்தோர் பக்கம் நின்று, இன்சால்வென்ஸி வழக்கிற் கம்பெனியின் செயல்களை வெளிக்கொணர்வதில் முன்னின்று உழைத்தார். சென்னையின் உயர்ந்த வட்டத்தில் வீற்றிருந்த ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்றுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை அடைந்தார். வெள்ளையர் ஆட்சியில் வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் சிறை சென்றது ஜனங்களுக்குப் பெருவியப்பாயிற்று.

ஆயின் தண்டனையால் இழந்த பணம் மீளுமோ? வழக்கில் வென்ற வக்கீல்கள் பலர் அவ்வளவில் அமைவர். இவர் அமைந்தாரல்லர். நம் மக்கள் பணத்தை நம் மக்களே காக்கும் வங்கி ஒன்று வேண்டுமென்று துணிந்தார். கம்பெனி வீழ்ந்து இரு வாரம் கழியுமுன்னரே நண்பர்களைக் கூட்டி ஆராய்ந்தார். நகரத்தார் மரபைச் சேர்ந்த ராமசாமி செட்டியார் முதலிய தனவந்தர் துணை நின்றனர். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பெற்றது. ஆகஸ்டு 15-ஆம் நாள் வேலை தொடங்கிற்று. அந்தணரும் வணிகரும் ஒரு மேசையில் அமர்ந்து செய்த காரியம் இது. தம் தம் குலத்தை மட்டும் நோக்கியிருந்தால் இது முடிந்திராது என்பதை நம் சங்கத்தார் கருதுதல் வேண்டும். 1969-இல் அரசுடைமையான பதினான்கு வங்கிகளுள் அதுவும் ஒன்று.

இவருடைய பிற தொண்டுகளும் பல. மயிலாப்பூரில் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையும் சம்ஸ்கிருதக் கல்லூரியும் இவரால் தோன்றின. அரசியலில் இவர் மிதவாதி. சுப்பிரமணிய பாரதியாரோ தீவிரவாதி. எனினும் 1907-இற் பாரதியாரின் பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து, அவற்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். கொள்கை வேறாயினும் தமிழின் அருமையை மறவாத இப்பண்பு தமிழாசிரியராகிய நம்மை உருக்குவது. 1909-இல் ஹைகோர்ட்டு நீதிபதியாகவும், 1911-இற் சென்னைக் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினராகவும் உயர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதிற் காலமானார்.

நம் ஊர்க்கும் இவ்வரலாற்றில் ஓர் ஒப்புமை உண்டு. ஆர்பத்நாட் வீழ்ச்சிக்கு இரண்டாண்டு முன்னரே, 1904 அக்டோபரில், இந்தியாவிற் சட்டப்படி பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் தோன்றிற்று. ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கும் அறத்தைக் காஞ்சி பிறரிடம் கற்க வேண்டியதில்லை, மறவாதிருந்தாற் போதும்.

1906-இல் இழந்தோர்க்கு இல்லாத காப்பு இன்று நமக்கு உண்டு. 1962-இல் டெப்பாசிட்டு இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. 2020 முதல், காப்புப் பெற்ற வங்கி ஒன்று வீழினும், அதில் ஒருவர் வைத்த தொகையில் வட்டியுட்பட ஐந்து லட்ச ரூபாய் வரை அவருக்குக் கிடைக்கும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பொருந்தாது. நம் தெருக் குடும்பத்தார் இழந்த பணத்துக்கு இக்காப்பு இல்லை. ஆதலின், நம் பெண்மக்கள் தறியில் உழைத்துச் சேர்த்த பொருளை ஓரிடத்தில் வைக்குமுன், தருவதாகச் சொல்லும் வட்டியை மட்டும் கேளாது, இக்காப்பு அங்கே உண்டா என்றும் கேட்பீர்களாக. நம் பிள்ளைகளிற் சட்டம் பயில்வோர், வழக்கில் வெல்வதோடு நில்லாது, வீழ்ந்தவர் மீண்டும் நிற்க ஓர் இடம் சமைப்பாராக. கிருஷ்ணசாமி ஐயர்க்கு நாம் செய்யத்தகும் வணக்கம் அதுவேயாகும்.