பத்து பவுண்ட் காவியமும் புத்தகக்காரர் டான்சனும்

ஆங்கில இலக்கியத்தின் தலைசிறந்த காவியங்களில் ஒன்று 'பேரடைஸ் லாஸ்ட்'. கண்பார்வை இழந்த பின் ஜான் மில்டன் வாய்மொழியாகச் சொல்ல, பிறர் எழுதி உருவான நூல் அது. 1667-இல் வெளிவந்த அந்த நூலுக்காக அவர் கைக்கு வந்தது 10 பவுண்ட் மட்டுமே. முதலில் ஐந்து, முதல் பதிப்பு விற்ற பின் இன்னொரு ஐந்து. அவர் இறந்த பிறகு, 1680-இல் அவருடைய மனைவி மீதமிருந்த உரிமையையும் 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காவியத்தால் செல்வந்தர் ஆனவர் வேறொருவர். அவர்தான் ஜேக்கப் டான்சன்.

லண்டனில் முடிதிருத்தும் தொழிலோடு சிறு அறுவை சிகிச்சையும் செய்துவந்த ஒருவரின் மகன் டான்சன். 1670-இல், பதின்ம வயதிலேயே, ஒரு புத்தக வணிகரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். ஏழாண்டுப் பயிற்சி முடிந்ததும் சொந்தக் கடை திறந்தார். அக்காலத்தில் புத்தகக் கடைக்காரரே வெளியீட்டாளர். கையெழுத்துப் பிரதியை விலைக்கு வாங்கி, அச்சகத்தாரிடம் கொடுத்து அச்சிட்டு, தம் கடையில் வைத்து விற்பார். உரிமை அவருக்கே போய்விடும். எழுதியவருக்குப் பிறகு பங்கு கிடையாது.

1683-இல் மில்டன் காவியத்தின் பாதி உரிமையை டான்சன் வாங்கினார். 1688-இல், மற்றொரு வெளியீட்டாளருடன் சேர்ந்து, படங்களுடன் பெரிய அளவில் அதை அச்சிட்டார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். அவர்களின் பெயர்களும் நூலிலேயே அச்சாயின. மீதிப் பாதி உரிமையையும் பின்னர் வாங்கிக்கொண்டார்.

கவிஞர் ஜான் டிரைடனின் நூல்களையும் அவரே வெளியிட்டார். பணத்துக்காக இருவருக்கும் அடிக்கடி சண்டை வரும். வர்ஜிலின் கவிதைகளை டிரைடன் மொழிபெயர்த்தபோது, அதை மன்னர் வில்லியமுக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்று டான்சன் விரும்பினார். கவிஞர் மறுத்துவிட்டார். டான்சன் விடவில்லை. 1697-இல் வந்த அந்நூலின் படங்களில், காவிய நாயகனின் மூக்கு மன்னரின் வளைந்த மூக்கைப் போலவே திருத்தப்பட்டிருந்தது!

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுத் தொகுப்புகளும் அதுவரை கனமான பெரும் நூல்களாகவே வந்தன. நிக்கோலஸ் ரோ என்பவரைப் பதிப்பாசிரியராக அமர்த்தி, 1709-இல் ஆறு கையடக்கத் தொகுதிகளாக டான்சன் வெளியிட்டார். கதைமாந்தர் பட்டியலும் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கைக் குறிப்பும் அதில் இடம்பெற்றன.

1710-இல் பிரிட்டனில் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய நூலின் உரிமை 14 ஆண்டுகளுக்கு எழுதியவருக்கே என்றும், அதன் பின்னும் அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் என்றும் அது வகுத்தது. மில்டனுக்கு அது காலம் கடந்து வந்த நியாயம்.

எந்தக் கவிஞரால் அதிகம் சம்பாதித்தீர்கள் என்று கேட்டபோது, மில்டன் என்று டான்சன் பதில் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. 1736-இல் அவர் காலமானார்.

காட்ஃபிரி நெல்லர் 1717-இல் தீட்டிய டான்சனின் ஓவியம் இன்றும் இருக்கிறது. அதில் அவர் கையில் இருப்பது 'பேரடைஸ் லாஸ்ட்'. அவர் முதல் போட்டுப் பரப்பியதால் அந்நூல் பல்லாயிரம் வாசகர்களிடம் சென்றது உண்மை. எழுதியவருக்குக் கிடைத்தது 10 பவுண்ட் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.