ஆறாத புண்ணைப் படித்தவர்

சிவில் படிக்கிற எனக்கு ஒரு டாக்டரோட கதை எதுக்குன்னு கேட்பீங்க. பெர்லின் நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று நகர மன்றத்தில் போராடியவர் அவர். அதனால பாதி நம்ம ஆளுதான்!

ருடால்ஃப் விர்ச்சோ 1821 அக்டோபர் 13-ல் பிறந்தார். அன்று பிரஷ்யாவில் இருந்த அவருடைய ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. 1843-ல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1848-ல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது அரசு அவரை அங்கே அனுப்பியது. அவரோ, நோய்க்குக் காரணம் வறுமை, அதற்கு மருந்து கல்வியும் ஜனநாயகமும் என்று அரசுக்கே அறிக்கை எழுதினார். அந்த வருஷப் புரட்சியிலும் இறங்கினார். விளைவு? 1849-ல் பெர்லினை விட்டே போக வேண்டியதாயிற்று. 1856-ல் அதே பெர்லின் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

நான் சொல்ல வந்த விஷயம் 1863-ல் நடந்தது. புற்றுக்கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், உள்ளே வெள்ளை அணுக்கள் கூடி நிற்பதைக் கண்டார். புண்ணுக்குக் காவலாக வருகிற அணுக்களுக்கு இங்கே என்ன வேலை? நாள்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்று முளைக்கிறது என்று கருதினார். எப்படி என்று காட்ட அன்று வழியில்லை. 1902-ல் டிராமிலிருந்து குதித்துத் தொடையெலும்பு முறிந்து, செப்டம்பர் 5-ல், 80 வயதில் மறைந்தார். ஃபுட்போர்டு நண்பர்களே, கவனிங்க!

விடையின் ஒரு பகுதி வரவே நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. வீக்கமும் வலியும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். அந்த உற்பத்தியைச் செய்யும் காக்ஸ்-2 என்ற நொதி 1991-ல் அடையாளம் காணப்பட்டது. அடிபட்ட இடத்தில் இது விழிக்கும்; வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். ஆஃப் ஆகாத மோட்டார் மாதிரி வருஷக்கணக்கில் ஓடினால், செல்கள் பெருகவும், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவும் துணை போகிறது. பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் இது மிகுந்திருப்பது 1994-ல் தெரிந்தது.

அப்ப, மாத்திரை போட்டு நொதியை நிறுத்திட்டா போதுமா? அவ்வளவு சுலபமில்லே. காக்ஸ்-2-ஐத் தடுத்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2004-ல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

ஆகவே நண்பர்களே, வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீங்க. புகையிலையைத் தூக்கிப் போடுங்க. வாய்ப்புண் மூணு வாரமாகியும் ஆறலேன்னா உடனே டாக்டரிடம் காட்டுங்க. ஆறாத புண்ணை அலட்சியம் பண்ணாதே என்பதுதான் விர்ச்சோவின் வாழ்க்கை எனக்குச் சொன்ன பாடம்!