பொருளை வரைந்து காட்டிய அறிஞர் பர்ஸ்

அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1839ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பர்ஸ் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பூத்த கணிதப் பேராசிரியர். இவர்தம் பெயரைப் பியர்ஸ் எனப் படிப்போர் பலர்; பர்ஸ் என்பதே உரிய ஒலிப்பு. பணப்பையின் பெயரொலியைத் தாங்கியவர் பிற்கால வாழ்வு முழுவதும் பணமின்றி வாடினார் என்பது விந்தையே.

1863இல் வேதியியல் பட்டம் பெற்ற பர்ஸ், அரசின் கடலோர அளவைத் துறையில் ஊசல்களைக் கொண்டு புவியீர்ப்பை அளந்துவந்தார். 1879இல் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் அளவையியல் விரிவுரையாளரானார். மறுமணத்தை ஒட்டி எழுந்த பேச்சால் 1884இல் அப்பணியை இழந்தார். எளிதில் சினங்கொள்ளும் அவருடைய இயல்பும் பகைவரைப் பெருக்கியது என்பதை நாம் மறைப்பதற்கில்லை. பின்னர் எப்பல்கலைக்கழகமும் அவருக்கு நிலையான இடம் தரவில்லை.

பென்சில்வேனியாவின் மில்போர்டு ஊரருகே மனைவி சூலியட்டுடன் வறுமையில் வாழ்ந்த காலத்தில்தான், 1896ஆம் ஆண்டளவில், தம் தலையாய படைப்பென அவரே கருதிய இருப்பு வரைபடங்களை உருவாக்கினார். சொற்றொடரின் பொருளைக் கண்ணாற் காணுமாறு வரைய இயலுமா என்பதே அவர்தம் வேட்கை.

வேதியணுவுக்கு இணைதிறன் உண்டு. வினைக்கும் உண்டு என்றார் பர்ஸ். கொடுத்தல் என்னும் வினை மூன்று இடங்களை வேண்டும்: கொடுப்பவர், கொடைப்பொருள், பெறுபவர். எழுவாயையும் இரண்டாம் நான்காம் வேற்றுமைகளையும் கற்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. அவ்விடங்களிலிருந்து புறப்படும் கோடு ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று உளது என உணர்த்தும். ஒன்றைச் சுற்றி வளையம் வரைந்தால் அது மறுப்பு. வளையத்துள் வளையம் வரைந்தால், இது எனில் அது என்னும் நிபந்தனை. மாணவர் எனில் நூலக அட்டை உடையவர் என்னும் விதியை இரு வளையங்களிலும் ஒரு கோட்டிலும் காட்டிவிடலாம்.

1906இல் இம்முறையை மானிஸ்ட் இதழில் விளக்கினார். பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. நண்பர் வில்லியம் சேம்சு திரட்டிய பொருளுதவியே உணவளித்தது. 1914 ஏப்ரல் 19ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். கையெழுத்துப் படிகள் ஆர்வர்டைச் சேர்ந்தன.

1976இல் சான் சோவா தரவுத்தளங்களுக்குக் கருத்து வரைபடங்களை அமைத்தார்; பின்னர் அவற்றுக்குப் பர்ஸின் வரைபடங்களை அடிப்படையாக்கினார். அவ்வாண்டே பீட்டர் சென் கட்டங்களும் சாய்சதுரங்களும் கொண்ட தம் உறவு வரைபடத்தை வெளியிட்டார். அதுவும் பர்ஸின் வழிவந்தது எனக் கூற நாம் துணியோம்.

1999இல் இணையத் தரவுகளின் பொருளைக் குறிக்க வகுக்கப்பட்ட ஆர்.டி.எஃப். முறையில் ஓர் உறவுக்கோட்டுக்கு இரு முனைகளே உண்டு. ஆகவே நூலக இணையப் பக்கத்தை அமைப்போர், நூலையும் மாணவரையும் நாளையும் ஒருசேர இணைக்க வேண்டுமாயின், இரவல் என்பதையே நடுவில் ஒரு தனிப்பொருளாக நிறுத்தி, அதிலிருந்து மூன்று கோடுகளை இழுக்கின்றனர். மூவிட உறவை வெறும் ஈரிட உறவுகளாக உடைத்துவிட இயலாது என்று பர்ஸ் வாழ்நாளெல்லாம் வாதிட்டது இதனைத்தான்.