இராயபுரத்துக் குணங்குடியார்

எண்ணூர்க் கழிமுகத்தையும் சடையங்குப்பத்தையும் கடந்து தெற்கு நோக்கி வருவோர்க்கு முதலில் எதிர்ப்படும் பெருந்தலம் திருவொற்றியூர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பட்டினத்தார் கடலோரத்தில் அடங்கியதும் அவ்வூரிலேயாம். அதற்குத் தெற்கே தண்டையார்பேட்டையும் இராயபுரமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. படகுத் தொழிலாளர் கட்டிய இராயப்பர் ஆலயமும், பார்சிகள் 1910இல் எழுப்பிய தீக்கோயிலும் இராயபுரத்தில் உள்ளன. இவ்வளவு நெருக்கமாகப் பல சமயத்தார் குடியேறி வாழ்ந்த இந்நிலப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓர் இசுலாமியத் துறவி வந்து தங்கினார். தமிழ்ச் சைவப் புலவர்கள் அவரைக் குருநாதர் எனக் கொண்டு பிரபந்தம் பாடினர். அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு.

அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அண்மையில் உள்ள குணங்குடி அவர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1792 எனக் கொள்வர். கீழக்கரையில் தைக்கா சாகிபு எனப் போற்றப்பெற்ற பெரியாரிடம் சமயக் கல்வி பயின்றார். தமிழ்ப் பயிற்சியும் அரபுப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்த கடற்கரைக் குடும்பங்களின் சூழல் அது. அங்கே ஆலிமும் புலவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பர். ஆகலின் அவர் பிற்காலத்தில் தமிழில் பாடியதைப் புதுமை என்று வியப்பதற்கில்லை. எத்தமிழில் பாடினார் என்பதே வியப்புக்குரியது.

பதினேழாம் அகவையில் தாய்மாமன் மகளை அவருக்கு மணம் பேசினர். அவர் உடன்படவில்லை. உறவுமுறையில் வரும் பெண்ணை மறுத்தல் அக்காலத்தில் எளிய செயலன்று. மாமன் வீட்டுக்கும் மருமகனுக்கும் இடையே தலைமுறைப் பகையாக வளரக்கூடியது அது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து மணந்த அடியாரையும், மணத்தையே மறுத்து வீட்டை விட்டு வெளியேறி அவ்வூருக்கு அருகில் வந்து அடங்கிய இவ்வடியாரையும் ஒரே கடற்கரை ஏற்றுக்கொண்டது ஒரு தற்செயல் ஒற்றுமைதான். எனினும் நினைத்துப் பார்க்க இனிக்கிறது.

1813ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடைந்து, மௌலவி ஷாம் சாகிபு என்பாரிடம் தீட்சை பெற்றார். அவர் சேர்ந்தது காதிரிய்யா நெறி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை முதல்வராகக் கொண்ட நெறி அது. அப்பெருமானின் பெயரையே பிறப்பிலிருந்து தாங்கியவர் இவர். தாயுமானவர் மௌனகுருவைக் கண்டதும் இதே திருச்சிராப்பள்ளியில்தான். தாயுமானவர் அடங்கியதோ இராமநாதபுரத்தில். குணங்குடியார் இராமநாதபுரச் சீமையிற் பிறந்து திருச்சிராப்பள்ளியிற் குருவைப் பெற்றார். ஒருவர் வடக்கிருந்து தெற்கு நோக்கி நடந்த வழியில் மற்றவர் தெற்கிருந்து வடக்கு நோக்கி நடந்திருக்கிறார். தாயுமானவரின் சந்தங்கள் குணங்குடியார் பாடல்களில் மிகுதியாகக் கேட்பதற்கு இந்த நில ஒற்றுமை மட்டும் காரணமாகாது. ஆயினும் அப்பகுதிகளின் மடங்களிலும் தைக்காக்களிலும் அச்சந்தங்கள் காற்றோடு கலந்திருந்தன என்று கருத இடமுண்டு.

தீட்சைக்குப் பின் திருப்பரங்குன்றம் சென்று, இசுலாமியர் சிக்கந்தர் மலை என வழங்கும் அம்மலையில் நாற்பது நாள் தனிமைத் தவம் இயற்றினார். சூபியர் இதனைக் கல்வத் என்பர். அடிவாரத்தில் முருகன் குடைவரையும், உச்சியில் சிக்கந்தர் தர்காவும், பாறையில் சமணர் படுக்கைகளும் கொண்ட மலை அது. இன்று வழக்காகவும் வாக்குவாதமாகவும் பேசப்படும் அம்மலையில் அன்று ஓர் இளந்துறவி நாற்பது நாள் தனிமையில் அமர்ந்திருந்தபோது, அது யாருடைய மலை என்னும் வினா அவரைத் தீண்டியிருக்காது. அடுத்து அறந்தாங்கிக்கு அருகில் கலகம் என்னும் ஊரில் ஆறு திங்கள் தங்கினார். பின்னர் மலைகளும் காடுகளுமாகச் சுற்றினார். எங்கும் நிலைத்திராது, கந்தையுடுத்து, கிடைத்ததை உண்டு, தன்னை மறந்த நிலையில் திரிந்த அவரைக் கண்டோர் மஸ்தான் என்றனர். போதையில் ஆழ்ந்தவர் என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். பித்தன் என்று சிவனையே அழைத்துப் பழகிய தமிழ்க் காதுகளுக்கு அப்பெயரின் உட்கருத்தை விளக்கவேண்டிய தேவை நேரவில்லை.

அலைந்து திரிந்த ஆண்டுகளின் முடிவில் அவர் சென்னைக்கு வந்தார். இராயபுரத்தில் அப்போது லெப்பைக்காடு என ஓரிடம் இருந்தது. பாவா லெப்பை என்பாருக்குரிய அந்நிலம் மூங்கிலும் முட்புதரும் சப்பாத்திக் கள்ளியும் அடர்ந்து, மனிதர் புக அஞ்சும் காடாகக் கிடந்தது. கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் வடக்கே, நகரின் விளிம்பில் அமைந்த காடு அது. குணங்குடியார் அதனுள் தங்கித் தவத்தில் ஆழ்ந்தார். காலப்போக்கில் அவரை நாடி மக்கள் வரலாயினர். அவருக்கு அங்கே ஒரு தைக்கா அமைந்தது. அவர் செய்தனவாகச் சொல்லப்படும் அற்புதங்கள் பல. பாடல்களே போதிய அற்புதமாக இருப்பதால் அவற்றை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

இனி அப்பாடல்களைக் காண்போம். ஒருபுறம் முகியித்தீன் சதகம் பாடினார். மறுபுறம் அகத்தீசன் சதகம் பாடினார். பகுதாதின் ஞானியும் பொதிகையின் முனிவரும் ஒருவர் நாவிலேயே சதகம் பெற்றனர். நந்தீசுவரக் கண்ணி, பராபரக் கண்ணி, றகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி எனக் கண்ணிகளாகவும் பலவற்றைப் பாடினார். றகுமான் என்பது அருளாளன் எனப் பொருள்படும் இறைத் திருநாமம். நந்தி என்பது திருமூலர் தம் குருவுக்கு வழங்கிய பெயர். இவ்விரண்டையும் ஒரே யாப்பில், ஒரே உருக்கத்தோடு விளித்தவர் அவர். கண்ணி என்பது ஈரடியில் அமையும் சிறு வடிவம். ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கும்; விளி ஒன்றே அவற்றைக் கோத்துச் செல்லும். படிக்கத் தெரியாதவனும் ஒரு கண்ணியை நெஞ்சில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். மூட்டை சுமப்போரும் கட்டுமரம் தள்ளுவோரும் நிறைந்த ஒரு துறைமுகப் பகுதிக்கு இதனினும் ஏற்ற யாப்பு கிடைப்பதரிது.

மனோன்மணி என்னும் விளியே பலரையும் இடறவைத்த ஒன்று. சைவ ஆகமங்களில் அது சத்தியின் ஒரு நிலை. யோகியர்க்கோ மனம் கடந்த நிலை. இறைவனைப் பெண்ணாக, காதலியாக, எட்டாத அழகியாகக் கூவியழைக்கும் இப்பாடல்களைக் கண்டு இவர் இசுலாத்தின் வரம்பை மீறினாரோ என்று ஐயுற்றோர் ஒருசாரார். இவர் உண்மையில் இந்துவே என்று உரிமை கொண்டாடியோர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் பொருந்துவனவல்ல. இறைவனைக் காதலியாகப் பாடுவது பாரசீகச் சூபியர் நெறியில் நன்கு வேரூன்றிய வழக்கம். லைலாவைத் தேடிப் பித்தான மஜ்னூன் அவர்களுக்கு உயிரின் உருவகம். தமிழ்ப் பத்திமரபில் பெரும்பாலும் அடியவரே தலைவி, இறைவன் தலைவன். எனினும் திருக்கோவையாரைச் சைவர் சிலர் உயிரைத் தலைவனாகவும் சிவத்தைத் தலைவியாகவும் வைத்துப் பொருள் கண்டுள்ளனர். ஆகவே குணங்குடியார் கையாண்ட உறவு சூபியத்தில் பெருவழியாகவும் தமிழில் ஒற்றையடிப் பாதையாகவும் முன்னரே இருந்தது. அவ்விரண்டையும் இணைத்து, பெயரை மட்டும் தமிழ்ச் சித்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார் அவர். இறைவனையும் நபிகள் நாயகத்தையும் முகியித்தீனையும் அவர் ஒருகாலும் விடவில்லை. காதிரிய்யா நெறியினராகவே வாழ்ந்தார், அந்நெறியினராகவே மறைந்தார். எல்லாச் சமயமும் ஒன்றே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எதிலும் ஆழாது கடந்துபோகும் இணக்கத்துக்கு அவரைச் சான்று காட்டுவோர் அவருடைய நூலைப் புரட்டிப் பார்த்தல் நலம். தம் கிணற்றை அவர் ஆழத் தோண்டினார். அங்கே ஊறிய நீரை அண்டை வீட்டார் தம் நீரெனக் கண்டுகொண்டனர்.

அவ்வாறு கண்டுகொண்டோருள் தலையாயவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். அண்ணன் விசாகப்பெருமாளையரோடு சேர்த்து எண்ணப்படும் பெரும்புலவர் இவர். தமிழ் நூல்களை அச்சேற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1835இல் அச்சகம் நடத்தும் உரிமை இந்தியர்க்குத் தடையின்றிக் கிடைத்த காலத்துச் சென்னை அவருடையது. சமயத்தால் வீரசைவர். உடலிலேயே இலிங்கம் தரிக்கும் வீரசைவர் தம் நெறியில் எத்துணை உறுதியுடையவர் என்பது யாவரும் அறிந்தது. அப்புலவர் ஓர் இசுலாமியப் பக்கீரின் மீது நான்மணிமாலை பாடினார். வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் என நால்வகைப் பாவும் அந்தாதியாகத் தொடுத்துத் தெய்வங்களுக்கும் ஆசாரியர்களுக்கும் சூட்டும் மாலை அது. ஐயாசாமி முதலியார் என்பார் பதிற்றுப்பத்தந்தாதி ஒன்று பாடினார். நூறு பாடல்களை அந்தாதியாகத் தொடுப்பது ஒருநாள் மரியாதைக்காகச் செய்யும் செயலன்று. ஒரு வீரசைவர் தம் இலிங்கத்தைக் கழற்றாமலும், ஒரு சூபி தம் தொழுகையை விடாமலும் ஒருவரையொருவர் இங்ஙனம் மதிக்க இயன்றது என்பதே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது. புலமை அவர்களுக்குப் பொதுமொழியாயிற்று. ஒரு கண்ணியின் ஓசை சரியாக விழுந்ததா என்று கேட்கத் தெரிந்தவர்கள், அதைப் பாடியவர் எத்திசை நோக்கித் தொழுதார் என்று கேட்பதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டனர்.

இக்காலத்தில் இதே நகரின் ஏழுகிணற்றுப் பகுதியில், பதினைந்து அகவை நிரம்பாத ஓர் இளைஞர் பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாமல் பாடிக்கொண்டிருந்தார். பின்னர் திருவொற்றியூருக்குப் பல்லாண்டுகள் நடந்து சென்று வடிவுடையம்மையைப் பாடி, அதன்பின் வடலூரில் சமரச சன்மார்க்கம் கண்ட இராமலிங்கர் அவர். ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்குச் செல்லும் வழியும் லெப்பைக்காடும் ஒரே பக்கத்தில் உள்ளன. இருவரும் சந்தித்ததாகக் கதை புனைவது வேண்டாத வேலை. ஆனால் சாதியும் சமயமும் கடந்த ஒரு தேட்டம் வடசென்னையின் இத்தெருக்களில் ஒருவர் நெஞ்சில் மட்டும் முளைத்ததன்று என்பது தெளிவு. பிழைப்புத் தேடிப் பல திசையிலிருந்தும் வந்தவர்கள் தத்தம் தெய்வத்தோடு வந்தனர். பக்கத்து வீட்டுத் தெய்வத்தின் பெயரும் நாளடைவில் அவர்கள் காதிற் பழகிவிட்டது.

குணங்குடியார் 1838ஆம் ஆண்டில், இசுலாமிய ஆண்டுக் கணக்கில் நாற்பத்தேழாம் அகவையில் மறைந்தார். தவம் செய்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1842இல் உமறுப்புலவரின் சீறாப்புராணம் அச்சில் வந்தது. இசுலாமியத் தமிழ் இலக்கியம் ஏட்டிலிருந்து நூலுக்கு மாறிய அவ்வூழியில் மஸ்தான் சாகிபு பாடல்களும் அச்சேறி, ஞானக்கோவைகளிலும் சித்தர் பாடல் திரட்டுகளிலும் இடம்பெற்று, இரு சமயத்தாரும் வாங்கிப் படிக்கும் நூலாயிற்று. அவற்றைத் தாயுமானவர் பாடல்களோடு ஒருங்கு வைத்து ஓதியவர்களும் உண்டு.

தொண்டியிலிருந்து வந்தமையால் அவரைத் தொண்டியார் என்றனர் என்றும், அவர் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டையாகிப் பின் தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்றும் வழங்கிவருகிறது. கால ஆராய்ச்சி இதற்கு இடந்தரவில்லை. எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் 1693ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே ஊருக்கு அப்பெயர் இருந்தது. ஆயினும் தம் ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்டால், அங்குள்ள முதியோர் இசுலாமியராயினும் இந்துக்களாயினும் இன்றளவும் தொண்டியாரையே காட்டுகின்றனர்.