யாருக்குப் பொருந்தும்?

இரட்டைமலை சீனிவாசன் மறைந்தது 1945-ல். இத்தனை காலம் கழித்தும் அவரைப் பேசுவானேன் என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தம் காலத்தில் அவரும் இப்படிக் கேட்டவரே. ஊரெல்லாம் பொதுக் கோரிக்கை என்று சொல்வது நமக்குப் பொருந்துமா என்பதே அவர் கேள்வி.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் 1859-ல் பிறந்தார். கோவையில் படித்தபோது மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே நிற்பார். மாலையில் மற்ற பிள்ளைகள் பின்தொடராதபடி வேகமாக வீடு போய்ச் சேருவார். வீடு தெரிந்தால் சாதி தெரிந்துவிடுமே! நீலகிரியில் கணக்கராக இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்த அவர், 1893-ல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். மறைத்துத் திரிந்த சிறுவன்தான் இவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. கேட்பதற்கு நல்ல கோரிக்கை. சீனிவாசன் எதிர்த்தார். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே எட்டாதபோது அந்தத் தேர்வை யார் எழுதுவார்கள்? எழுதி வென்று அதிகாரியாக வருகிறவர் நம்மை எப்படி நடத்துவார்? 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. இதை வைத்து அவரை வெள்ளையர் பக்கம் நின்றவர் என்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நம் தெருவில் நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு சில காலம் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். திரும்பி வந்து 1923-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்ததைப் பலரும் அறிவார்கள். ஆனால் கிராமத்தில் இருக்கிற நமக்கு அதைவிட நெருக்கமானது 1924-ல் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதுவானாலும் எந்தச் சாதியாரும் போகலாம், பயன்படுத்தலாம் என்றது அது. அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

அவரைப் பேசுவானேன் என்று கேட்கும் மாணவர்கள், அந்தத் தீர்மானத்தில் உள்ள இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தங்கள் ஊரை ஒருமுறை சுற்றி வரட்டும்.