சங்கமித்தை கரையிறங்கிய ஊரிலிருந்து

மாத்தளையில் ஹாட்வெயார் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். நிலுவை வசூலிக்கப் போவதும் என் வேலையில் ஒரு பங்கு. கடந்த ஆண்டு அப்படியொரு நிலுவைக்காக லக்கல பக்கம் போக நேர்ந்தது. றத்தோட்டை, றிவர்ஸ்டன், இலுக்கும்புர என்று மலை ஏறி இறங்கும் பாதை அது. பழைய பல்லேகம நகரம் இப்போது இல்லை. களுகங்கைத் திட்டத்துக்காக மக்களை அங்கிருந்து எழுப்பிப் புதிய இடத்தில் குடியேற்றிவிட்டார்கள். அந்தப் புதிய நகரத்தையும் தாண்டி, மண்பாதை ஒன்றின் முடிவில் இருந்தது நான் தேடிப்போன சிறிய ஆராமை. சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்திருந்தவர்கள் அங்கே வசிக்கும் சில் மெனியோமார்.

தொடக்கத்தில் நான்கு பேர் இருந்தார்களாம். இப்போது ஒன்பது பேர். அறைகள் இரண்டே இரண்டு. இளையவர்கள் பிரசங்க மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அதனால்தான் பின்பக்கமாக நான்கு அறைகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது; கூரைக்குப் பணம் இல்லை. மூத்த மெனியோ ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஒருவர் 500 ரூபாய், ஒருவர் ஒரு புசல் நெல், ஒருவர் 100 செங்கல், ஒருவர் இரண்டு நாள் மேசன் வேலை என்று சிறிய எழுத்தில் வரிவரியாக எழுதியிருந்தது. எங்கள் கடைக்குத் தரவேண்டிய தொகையும் கடைசிப் பக்கத்தில் ஒரு சதம் பிசகாமல் இருந்தது. நான் கணக்கு எழுதுகிறவன். அந்தக் கொப்பிக்கு மரியாதை கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

எந்த ஊர் மகன் என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தளை என்றேன். பிறந்த ஊரைக் கேட்டார். மாதகல் என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. சங்கமித்தை மாதா வந்திறங்கிய மண்ணல்லவா என்று சொல்லி, நான் இருந்த திசைக்கே கைகூப்பினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மாதகல் கரையைத் தெரிந்தவர்களுக்கு என் சங்கடம் விளங்கும். நான் சிறுவனாக இருந்தபோது ஊரைவிட்டு ஓடினோம். அந்தக் கரையோரம் பல ஆண்டுகள் சனங்களுக்கு மூடப்பட்டிருந்தது. போர் முடிந்து திரும்பிப் போனவர்கள், சம்புகோளத்துறை என்று பெரியவர்கள் சொல்லும் இடத்தில் புதிய விகாரையும் சங்கமித்தை சிலையும் எழும்பியிருப்பதைக் கண்டார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள் வந்தார்கள். அப்புவின் பனங்காணிக்கு நாங்கள் போக முடியவில்லை. அதன் உறுதி இன்னும் அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே சங்கமித்தை என்ற பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் முதலில் பக்தி வராது. முட்கம்பிதான் நினைவுக்கு வரும்.

ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு, இந்தப் பெண் யார் என்று அறியவேண்டும் போலிருந்தது. தீபவம்சமும் மகாவம்சமும்தான் அவருடைய கதையைச் சொல்லும் பழைய நூல்கள். இரண்டும் அவர் வாழ்ந்து ஏறத்தாழ 600 முதல் 800 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. அசோகனின் கல்வெட்டுகளில் அவருடைய பெயர் இல்லை. எழுதியவர்களுக்குச் சொந்த நோக்கங்களும் இருந்தன. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வாசித்தாலும், அதற்குள்ளே ஒரு பெண்ணின் வாழ்க்கை தெரிகிறது.

கி.மு. 3 ஆம் நூற்றாண்டு. அசோகன் அரசனாவதற்கு முன், உஜ்ஜயினியில் இளவரசனாக இருந்த காலத்தில், விதிசை நகரத்து வணிகர் குடும்பத்துப் பெண்ணான தேவியை மணந்தான். மூத்தவன் மகிந்தன். அவனுக்கு இரண்டு வயது இளையவள் சங்கமித்தை. தேவி பாடலிபுத்திரத்து அரண்மனைக்குப் போகாமல் விதிசையிலேயே தங்கிவிட்டாள். சங்கமித்தையை அசோகனின் சகோதரி மகன் அக்கிபிரம்மாவுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். சுமணன் என்று ஒரு மகன் பிறந்தான். பிறகு அக்கிபிரம்மா துறவியானான். பதினெட்டு வயது நிறைவதற்குள் அந்தப் பெண் திருமணத்தையும் தாய்மையையும் கணவனின் துறவையும் கண்டுவிட்டாள்.

அவருடைய துறவு பற்றிய பகுதியில்தான் நன்கொடை பற்றிய பேச்சு வருகிறது. 84,000 விகாரைகளைக் கட்டி முடித்த அசோகன், தன்னைப்போல் சாசனத்துக்கு உறவினன் உண்டா என்று மொக்கலிபுத்த தீசரைக் கேட்கிறான். பொருள் கொடுப்பவன் எவ்வளவு கொடுத்தாலும் கொடையாளிதான், பெற்ற பிள்ளையைக் கொடுப்பவனே உறவினன் என்று தேரர் பதில் சொல்கிறார். அசோகன் திரும்பி மகனையும் மகளையும் பார்க்கிறான். இருவரும் சம்மதிக்கிறார்கள். மகிந்தனுக்கு 20 வயது, சங்கமித்தைக்கு 18. தம்மபாலா என்ற பிக்குனி சங்கமித்தைக்கு உபாத்தியாயினி, ஆயுபாலா ஆசிரியை. எங்கள் ஊர்களிலும் பிள்ளையைக் கொடுத்தவர்களைப் பற்றி உயர்வாகப் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கொடுத்த தாய்மாரிடம் எவரும் கேட்கவில்லை. தேவியிடம் கேட்டதாகவும் நூலில் இல்லை.

பின்னர் மகிந்தன் இலங்கைக்குப் புறப்பட்டபோது, உடன் வந்தவர்களில் ஒருவன் சங்கமித்தையின் மகன் சுமணன். அவனும் சிறுவயதிலேயே சாமணேரன் ஆகிவிட்டான். தாய் பாடலிபுத்திரத்தில், மகன் கடலுக்கு அப்பால்.

அனுராதபுரத்தில் தேவநம்பிய தீசனின் தம்பி மகாநாகனின் மனைவி அனுலா, மகிந்தனின் போதனையைக் கேட்டுத் துறவு வேண்டும் என்று நின்றாள். அவளோடு அரண்மனைப் பெண்கள் 500 பேர். பெண்களுக்குத் துறவு கொடுக்கப் பிக்குகளுக்கு விதியில்லை, பாடலிபுத்திரத்திலிருந்து என் தங்கையை அழைப்பியுங்கள் என்றார் மகிந்தன். அரசனின் மருமகனான அமைச்சன் அரிட்டன் தூது போனான்.

அவன் போய் வரும்வரை அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பத்துச் சீலங்களை ஏற்றுக் காவி உடுத்து, நகரத்தின் ஒரு பக்கத்தில் அரசன் கட்டிக்கொடுத்த இல்லத்தில் காத்திருந்தார்கள். உபாசிகா விகாரை என்று அதற்குப் பெயர் வந்தது. ஆக, இலங்கையில் பெண்களுக்கான முதல் துறவு இல்லம், துறவு கிடைப்பதற்கு முன்பே நிறைந்துவிட்டது. லக்கலயில் நான் பார்த்தவர்களும் பத்துச் சீலம் காப்பவர்கள்தான்.

மகளை அனுப்ப அசோகனுக்கு மனம் வரவில்லை. மகனும் போனான், பேரனும் போனான், நீயும் போனால் என் துயரை எவர் ஆற்றுவார் என்பது அவன் கேள்வி. கலிங்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை இல்லாமல் செய்தவன் அவன். அண்ணனின் சொல் பெரிது, அங்கே பல பெண்கள் துறவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சங்கமித்தை பதில் சொன்னார். வெள்ளரசு மரக்கிளை பற்றி அவர் அந்த இடத்தில் பேசவில்லை. காத்திருக்கும் பெண்களைத்தான் காரணமாகச் சொன்னார்.

பதினொரு பிக்குனிகளுடன் தாமிரலிப்தித் துறையில் கப்பல் ஏறினார். நடுக்கடலில் நாகர்கள் போதிக் கிளையைப் பறிக்க வந்ததாகவும் சங்கமித்தை அவர்களை அடக்கியதாகவும் கதை உண்டு. ஏழாம் நாள் கப்பல் சம்புகோளத்துறையை அடைந்தது. அரசன் கழுத்தளவு நீரில் இறங்கிக் கிளையை ஏற்றான். மூன்று நாட்கள் கரையிலேயே வைத்து வழிபட்டார்கள். போகும் வழியில் திவக்கன் என்ற பிராமணனின் ஊரிலும் தங்கினார்கள். பின்பு முளைத்த எட்டுக் கன்றுகளில் ஒன்று சம்புகோளத்திலும் ஒன்று அந்தப் பிராமணனின் ஊரிலும் நடப்பட்டன. இன்றைய மாதகலில் மார்கழிப் பௌர்ணமி நாளில் நினைவுகூரப்படுவது இந்தக் காட்சிதான்.

அனுலாவும் மற்றவர்களும் துறவு பெற்றார்கள். வந்த பிக்குனிகள் விநயம் கற்பித்தார்கள். அவர்களிற் பலரின் பெயர்களைத் தீபவம்சம் அக்கறையோடு பட்டியலிடுகிறது. அந்த நூலைப் பிக்குனிகளே எழுதியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

சங்கம் பெருகியது, இடம் போதவில்லை. உபாசிகா விகாரையில் பன்னிரண்டு கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் மூன்று பெரியவை. ஒன்றில் போதிக் கிளை வந்த கப்பலின் பாய்மரத்தையும் மற்ற இரண்டில் சுக்கான் பாகங்களையும் வைத்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள் கப்பலின் பலகையைக்கூட எறிந்துவிடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இடம்பெயர்ந்த எந்த வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருக்கும்.

கட்டடம் பெருகினாலும் சங்கமித்தைக்கு அமைதி கிடைக்கவில்லை. நகரத்தின் ஒரு பக்கத்தில், கடம்ப மரங்களின் அருகே, அரசனின் யானையைக் கட்டிய இடத்தில் ஒரு தூபியும் அதற்கு ஒரு மண்டபமும் எழுந்திருந்தன. சனநெருக்கத்திலிருந்து விலகி, பிக்குனிகளின் நன்மையையும் எண்ணி, அவர் பகற்பொழுதில் அங்கே போய்த் தனியே அமர்ந்திருப்பார். ஒருநாள் அவரை வணங்க உபாசிகா விகாரைக்கு வந்த அரசன், அவர் அங்கே இல்லையென்று அறிந்து, தேடிப்போய்க் கண்டான். காரணம் கேட்டான். அமைதியான இடம் வேண்டும் என்பதை அறிந்து, அந்தத் தூபியைச் சுற்றியே புதிய இல்லம் கட்டுவித்தான். யானைத் தறியின் அருகே இருந்ததால் அது ஹத்தாள்ஹக விகாரை எனப்பட்டது.

அங்கேதான் கடைசிவரை இருந்தார். அண்ணன் மகிந்தன் உத்தியன் ஆட்சியின் எட்டாம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு சங்கமித்தையும் மறைந்தார். வயது 79. உபசம்பதா பெற்று 59 ஆண்டுகள். தூபாராமைக்குக் கிழக்கே, போதிமரம் கண்ணில்படும் இடத்தில், அவரே காட்டியிருந்த நிலத்தில் தகனம் செய்தார்கள். பிறந்த ஊருக்கு அவர் திரும்பிப் போனதாகச் செய்தி இல்லை. அனுராதபுரத்தில் மகனைச் சந்தித்த காட்சியையும் மகாவம்சம் விரித்துச் சொல்லவில்லை.

அவர் நட்ட சங்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. கி.பி. 433 இல் இலங்கைப் பிக்குனிகள் கப்பலேறிச் சீனம் சென்றார்கள். அடுத்த ஆண்டில் அங்கே 300க்கும் அதிகமான பெண்களுக்கு உபசம்பதா கிடைத்தது. பிறகு 11 ஆம் நூற்றாண்டுச் சோழர் ஆட்சியோடு இலங்கையில் பிக்குனி சங்கம் மறைந்துபோகிறது. முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து அவர்களின் சங்கத்தை மீட்டான். பெண்களின் சங்கத்தை மீட்கவில்லை. சோழர் வெற்றிகளைப் பெருமையாகப் படித்து வளர்ந்தவன் நான். யாருடைய வீடுகள் அப்போது காலியாகின என்று பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதில்லை. அனுராதபுரத்தில் தமிழ் இல்லத்தாருக்கென ஒரு மேடையைத் தமிழச் சமணன் என்பவன் அமைத்ததாகப் பழைய பிராமிக் கல்வெட்டு சொல்கிறது. எங்கள் மணிமேகலையும் பிக்குனிதான். அவளுடைய அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவத்தை நயினாதீவு என்கிறோம். இந்தக் கதைகளில் நமக்கும் பங்கு உண்டு. லாபத்தில் மட்டும் பங்கு கேட்க முடியாது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவக் குடும்பத்தில் கத்தரின் த அல்விஸ் ஆகப் பிறந்து, பர்மா சென்று பயின்று திரும்பிய சுதர்மாசாரி, கண்டி கட்டுக்கலையில் சில் மாதாக்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பிரமுகர்களின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது. ஆளுநர் ஹென்றி பிளேக்கின் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1998 இல் இதே மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையில் பிக்குனி உபசம்பதா மீண்டும் இலங்கை மண்ணில் நடந்தது. மகாநாயக்க தேரர்கள் அதை ஏற்கவில்லை. அரசர்கள் இப்போது இல்லை. சுவர் எழுப்ப 500 ரூபாயும் ஒரு புசல் நெல்லும்தான் வருகின்றன.

மாதகலில் அந்தப் பெயரால் எழும்பியதற்குச் சங்கமித்தையிடம் கணக்குக் கேட்க முடியாது. கேட்கவேண்டியவர்கள் வேறு. காணி எங்களுடையது என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அதை லக்கல மெனியோவிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காணி எவ்வளவு, பனை எத்தனை என்று விசாரித்தார். தங்கள் பழைய ஊரும் தண்ணீருக்குள் இருப்பதைச் சொன்னார்.

நான் திரும்பிவந்து முதலாளியிடம் மூன்று மாதத் தவணை வாங்கிக் கொடுத்தேன். புறப்படும்போது என் பங்காகவும் கொஞ்சம் கொடுத்திருந்தேன். அம்மாவிடம் அதை உடனே சொல்லவில்லை; ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் படுக்க இடம் போதுமா என்று மட்டும் கேட்டார்.

கொப்பியில் பெயரை நானே எழுதட்டும் என்று மெனியோ பேனாவைத் தந்திருந்தார். தமிழில் எழுதினேன். ஊர் என்ற இடத்தில் மாதகல் என்று போட்டேன். இந்த ஆண்டு கூரை போட்டுவிட்டார்கள். நிலுவையிலும் பாதிக்கு மேல் வந்துவிட்டது.